அழகுணர்வுக்குக் கடவுள் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழகிலிருந்து கடவுளுக்குப் போகும் வாதம் சரியாக என்ன சொல்கிறது?

ஒரே பெயரில் மூன்று வாதங்கள் உலவுகின்றன. முதலாவது நம் ஆற்றலைப் பற்றியது: பிழைத்திருக்கவோ பிள்ளை பெறவோ உதவாத ஓர் உணர்வு மனிதருக்கு எங்கிருந்து வந்தது? இரண்டாவது உலகத்தைப் பற்றியது: இந்த உலகம் அருவருப்பாகவோ வெறும் சப்பென்றோ இருந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது? இருபதாம் நூற்றாண்டில் சமய மெய்யியலாளர்களான எஃப். ஆர். டென்னன்ட்டும், 1979-ல் ரிச்சர்ட் ஸ்வின்பர்னும் வலியுறுத்தியது இதைத்தான். மூன்றாவது மதிப்பைப் பற்றியது: அழகு நம் மனக்கற்பனை அல்ல, மெய்யாகவே உள்ளது என்றால் அந்த மதிப்புக்கு ஆதாரமாக எது நிற்கிறது? பிளேட்டோவிலிருந்து வரும் பழைய இழை இது.

பெரும்பாலான சண்டைகள் வீணாவது இங்கேதான். ஒருவர் மூன்றாவதைக் கேட்கிறார், எதிரே இருப்பவர் முதலாவதற்குப் பதில் சொல்லிவிட்டு வென்றதாக எழுந்து போகிறார்.

எங்கள் நிலையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். முதலாவதற்குக் கடவுள் தேவைப்படவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மூன்றாவதை அறிவியல் தீர்க்காது. கடவுளைக் கொண்டுவந்தாலும் அது தீர்ந்துவிடுவதில்லை.

அழகுணர்வு பிழைப்புக்கு உதவாது என்பது உண்மையா?

எந்த அழகு என்று முதலில் கேட்க வேண்டும். முகத்தை எடுத்துக்கொள்வோம். 1990-ல் லாங்க்லாய்ஸ், ராக்மன் என்ற இரு உளவியலாளர்கள் பல முகப் படங்களைக் கணினியில் சராசரியாகக் கலந்தார்கள். 16 அல்லது 32 முகங்களைக் கலந்து வந்த முகம், தனித்தனி முகங்களில் பெரும்பாலானவற்றைவிட அழகானது என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். இதே லாங்க்லாய்ஸ் குழு 1987-லேயே இரண்டு மூன்று மாதக் குழந்தைகள்கூட, பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகங்களை அதிக நேரம் பார்ப்பதைக் காட்டியிருந்தது. பத்திரிகையும் விளம்பரமும் எட்டாத வயது அது. சராசரியை ஒட்டிய முகம் நோயோ வளர்ச்சிக் குறையோ இல்லாததைக் காட்டலாம். மூளைக்கு அதைச் சுலபமாக இனங்காண முடிவதும் ஒரு காரணமாகலாம். ஆனால் சராசரிதான் அழகின் உச்சம் என்று எடுத்துக்கொண்டால் தவறு. 1994-ல் பெரட் என்பவரின் குழு, விரும்பப்படும் முகங்களுக்கும் பொதுச் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டியபோது விருப்பமும் கூடியது.

நிலக்காட்சி விஷயத்தில் சான்று இவ்வளவு உறுதியாக இல்லை. 1982-ல் பாலிங், பால்க் நடத்திய ஆய்வில் எட்டு வயதுச் சிறுவர்கள், தாங்கள் பார்த்தே இராத புல்வெளிக் காட்டுப் படங்களை மற்ற நிலங்களைவிட விரும்பினார்கள். மனித இனம் உருவான ஆப்பிரிக்க நிலத்தின் நினைவு நம்முள் பதிந்திருக்கிறது என்ற கருதுகோளுக்கு இது பெரிய ஊக்கம் தந்தது. பின்வந்த ஆய்வுகளில் வேறு நிலவகைகள் முந்தியதும் உண்டு. நாத்திகர்கள் இந்தப் புல்வெளிக் கதையை முடிந்துபோன உண்மைபோல் சொல்வதைத் தவிர்ப்பது அவர்களுக்கே நல்லது.

மயில் தோகை டார்வினுக்கே தலைவலியாக இருந்ததாமே?

இருந்தது. 1860 ஏப்ரலில் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மயில் தோகையின் ஓர் இறகைப் பார்க்கும்போதெல்லாம் தமக்குக் குமட்டுகிறது என்றார். பறப்பதற்கு இடைஞ்சல், எதிரி கண்ணில் சட்டென்று படும்; இயற்கைத் தேர்வு இதை எப்படி விட்டுவைத்தது? 1871-ல் அவர் தந்த விடை பாலினத் தேர்வு: பெண் பறவைகள் விரும்பித் தேர்ந்ததால் தலைமுறை தலைமுறையாகத் தோகை வளர்ந்தது. பறவைக்கும் அழகுணர்வு உண்டு என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

இயற்கைத் தேர்வைத் தனியாகக் கண்டடைந்த வாலஸ் இதை ஏற்கவில்லை. அதோடு நிற்காமல், மனிதரின் கணித, இசை, ஓவியத் திறன்களை இயற்கைத் தேர்வால் விளக்க முடியாது, மேலான ஓர் ஆற்றல் தலையிட்டிருக்க வேண்டும் என்ற இடத்துக்கு 1869 முதல் நகர்ந்தார். 1889-ல் விரிவாகவும் எழுதினார். பரிணாமம் அறியாதவர்தான் இப்படிக் கேட்பார் என்று ஏளனம் செய்பவர்கள் வாலஸை மறந்துவிடுகிறார்கள்.

டார்வினின் விடையைச் சோதிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1982-ல் மால்டே ஆண்டர்சன், கென்யாவில் அரை மீட்டர் நீள வாலுடைய ஒரு குருவியினத்தில் சில ஆண்களின் வாலை வெட்டி, வெட்டிய துண்டை வேறு ஆண்களின் வாலில் ஒட்டினார். வெட்டி அப்படியே திரும்ப ஒட்டப்பட்டவையும், தொடாமல் விடப்பட்டவையும் ஒப்பீட்டுக்கு இருந்தன. பெண் பறவைகள் அதிகம் நாடியது நீட்டிய வாலைத்தான். இயல்பில் காணாத நீளம் என்றாலும் விருப்பம் குறையவில்லை.

சரி, அந்தி வானத்தையும் பனிமலையையும் விரும்புவதால் யாருக்கு என்ன ஆதாயம்?

ஆதாயம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. இந்த வாதத்தில் மிக அடிக்கடி நேரும் பிழை, உயிரியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயன் இருந்தாக வேண்டும் என்று நினைப்பது. ஆத்திகர், “பயன் இல்லை, ஆகவே பரிணாமம் இல்லை” என்கிறார். நாத்திகர் அவசர அவசரமாக ஒரு பயனைக் கற்பிக்கிறார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தப்புக் கணக்கு. இரத்தம் சிவப்பாக இருப்பதற்குப் பயன் இல்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்புச் சேர்மம் சிவப்பு, அவ்வளவே. உயிரியலாளர்களான கூல்டும் லெவான்டினும் 1979-ல் இப்படி உடன்விளைவாக வருபவற்றைப் பற்றி எச்சரித்தார்கள்.

அழகுணர்விலும் இது நடக்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 1998-ல் பர்லி, சிமான்ஸ்கி இருவரும் வரிக்குருவி ஆண்களின் தலையில் செயற்கையாக வெள்ளைக் கொண்டை பொருத்தினார்கள். அந்த இனத்துக்குக் கொண்டையே கிடையாது. பெண் குருவிகள் அந்த வெள்ளைக் கொண்டைக்காரர்களை விரும்பின. அதாவது, ஒருபோதும் இல்லாத ஒன்றை ரசிக்கும் சாய்வு நரம்பமைப்பில் ஏற்கனவே இருந்திருக்கிறது. பழுத்த கனியின் நிறத்தைப் பிரித்தறியும் கண், தொலைவையும் திறந்த வெளியையும் விரும்பும் மனம், ஒழுங்கைக் கண்டதும் மகிழும் மூளை: இவை மூன்றும் உள்ள ஓர் உயிர் அந்தி வானத்தின் முன் நின்றால் சொக்குவதற்குத் தனிக் காரணம் வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த விளக்கத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. “உடன்விளைவு” என்ற சொல் எதையும் விழுங்கிவிடும். எந்தத் திறனின் உடன்விளைவு, எந்தச் சோதனையில் அது பொய்யாகும் என்று சொல்லாமல் அந்தச் சொல்லை வீசுபவர், “கடவுள் அப்படி விரும்பினார்” என்பவரைவிடக் கூடுதலாக எதையும் விளக்கிவிடவில்லை.

மூளை ஸ்கேனில் அழகைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

அழகை உணரும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்டிருக்கிறார்கள். 2011-ல் நரம்பியலாளர்கள் இஷிசு, செமிர் செக்கி ஆய்வில் 21 பேர் ஓவியம் பார்த்தபோதும் இசை கேட்டபோதும், அழகு என்று அவர்கள் மதிப்பிட்ட தருணங்களில் கண்குழிக்கு மேலுள்ள முன்மூளையின் ஒரே பகுதி செயல்பட்டது. அதே ஆண்டு சாலிம்பூர் குழு, இசையில் புல்லரிக்கும் கணத்தில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டியது. உச்சம் வருவதற்கு முன்னுள்ள எதிர்பார்ப்பின்போது மூளையில் ஓரிடம், உச்சத்தில் வேறோரிடம். 2014-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, காது நன்றாகக் கேட்டும், பணம் வென்றால் இயல்பாக மகிழ்ந்தும், இசையில் மட்டும் எந்த இன்பமும் பெறாத உடல்நலமுள்ள மனிதர்கள் இருப்பதை உறுதிசெய்தது.

இதிலிருந்து “அழகு வெறும் டோபமைன்” என்று முடிப்பவர் தாண்டிப்போகிறார். கணக்குப் போடும்போதும் மூளையில் ஏதோ பகுதி செயல்படத்தான் செய்கிறது. அதனால் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்பது மூளையின் கட்டுக்கதை ஆகிவிடாது. ஆத்திகருக்கும் இந்த ஆய்வுகளால் இழப்பில்லை. கடவுள் உண்டென்றால் அவர் நரம்புகள் வழியாகவே இதைச் செய்திருக்கலாம்.

கணித அழகு? அதற்குமா பரிணாம விளக்கம்?

இந்த வாதத்தின் மிக வலுவான துண்டு இதுதான். கனியும் துணையும் முகமும் பரிணாமத்துக்குப் பிடிபடும் பொருள்கள். குவாண்டம் சமன்பாடு எந்த மூதாதையின் வாழ்விலும் குறுக்கிட்டதில்லை. ஆயினும் 1928-ல் இயற்பியலாளர் டிராக் எலெக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாடு, எலெக்ட்ரானைப் போன்றே ஆனால் எதிர் மின்னூட்டம் கொண்ட, யாரும் கண்டிராத எதிர்த்துகள் இருக்க வேண்டும் என்பதற்குக் கொண்டுபோய் விட்டது. 1932-ல் அது ஆய்வில் சிக்கியது. சமன்பாடு சோதனையோடு பொருந்துவதைவிட அதில் அழகு இருப்பது முக்கியம் என்றுகூட டிராக் 1963-ல் எழுதினார். நம் அழகுணர்வுக்கும் பிரபஞ்சத்தின் ஆழ்ந்த கட்டமைப்புக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருந்தால், இரண்டையும் ஒரே மனம் வகுத்தது என்பது இயல்பான விளக்கமாகப் படும்.

ஆனால் அழகு வழிகாட்டித் தோற்ற இடங்களையும் எண்ண வேண்டும். 1596-ல் வானியலாளர் கெப்ளர், அப்போது அறியப்பட்டிருந்த ஆறு கோள்களின் பாதைகளுக்கிடையே ஐந்து ஒழுங்குத் திண்மங்கள் (எல்லா முகங்களும் ஒரே மாதிரி அமைந்த கனசதுரம் போன்ற உருவங்கள்) ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்துவதாகக் கண்டு, படைப்பாளியின் திட்டமே கைக்கு எட்டிவிட்டதென்று மகிழ்ந்தார். ஏன் ஆறு கோள்கள் என்பதற்கும் அதில் விடை இருந்தது. இதைவிட அழகான திட்டம் அபூர்வம். 1781-ல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது அதற்கு அங்கே இடமே இல்லை. கெப்ளரின் பெயரை நிலைநாட்டியதோ, செவ்வாயின் இருப்பிடத்தில் ஒரு பாகையில் அறுபதில் எட்டுப் பங்கு அளவே வந்த பிசகைப் புறந்தள்ளாமல், பழம்பெரும் வட்டத்தைக் கைவிட்டு நீள்வட்டத்தை ஏற்றது. நம் காலத்தில், ஒவ்வொரு துகள்வகைக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்னும் மீச்சமச்சீர் என்ற கோட்பாட்டின் அழகை நம்பிப் பலர் வாழ்நாளைச் செலவிட்டார்கள். அது முன்னுரைத்த துகள்கள் பெரும் ஹாட்ரான் மோதுவி என்ற துகள் மோதல் கருவியில் இதுவரை தென்படவில்லை.

இன்னொன்று: 2014-ல் செக்கி குழு 15 கணித வல்லுநர்களிடம் 60 சமன்பாடுகளைக் காட்டியது. அழகில் முதலிடம் ஆய்லரின் சமன்பாட்டுக்கு. மிக அசிங்கமானது என்று சொல்லப்பட்டது ராமானுஜன் பை (π) என்ற எண்ணின் தலைகீழுக்குத் தந்த முடிவிலித் தொடர். அது முற்றிலும் சரியான சமன்பாடு, வெகு வேகமாக விடைதருவதும்கூட. உண்மையும் அழகும் சேர்ந்தே வரும் என்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

அண்டத்தின் படங்களைப் பார்த்தாலே போதுமே, யார் பார்ப்பதற்காக அந்த அழகு?

டென்னன்ட்டின் வாதத்தில் இதுவும் ஒரு கூறு: மனிதர் செய்தவற்றில் அசிங்கம் மலிந்திருக்க, இயற்கை மட்டும் சிறிதிலும் பெரிதிலும் அழகாகவே இருக்கிறது. ஆனால் தொலைநோக்கிப் படம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கழுகு நெபுலா என்ற விண்முகிலின் தூண்களைக் காட்டும் 1995-ஆம் ஆண்டுப் படம் மூன்று வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. பிறகு கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் ஒதுக்கினார்கள். ஹைட்ரஜனின் அந்த ஒளி உண்மையில் சிவப்பு. நம் கண் அருகே போய்ப் பார்த்தால் இந்தப் பகட்டு இருக்காது. எடுத்த படங்களில் எதை வெளியிடுவது, எந்தப் பக்கம் மேலே என்பதும் மனிதர் செய்த தேர்வு.

கண்ணே உலகத்துக்கேற்ப அமைந்தது என்பதும் கணக்கில் வர வேண்டும். நாம் காணும் 380 முதல் 750 நானோமீட்டர் வரையிலான ஒளி, சூரியன் தாராளமாக அனுப்புவதும் நீரைக் கடந்து வரக்கூடியதுமான பட்டைதான்.

பொன்விகிதம் எங்கும் இருப்பது கடவுளின் கையெழுத்து இல்லையா?

இல்லை. இந்த வாதத்தை விட்டுவிடுங்கள். 1876-ல் உளவியலாளர் ஃபெக்னர் பத்துச் செவ்வகங்களைக் காட்டியபோது ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் பொன்விகிதம் எனப்படும் 1.618 விகிதத்தைத் தேர்ந்தார்கள். பின்னர் செய்தவர்களுக்கு அது சீராகக் கிடைக்கவில்லை. நாட்டிலஸ் என்ற கடல் உயிரின் ஓடு அழகான மடக்கைச் சுருள்தான், ஆனால் பொன்விகிதப்படி விரியும் பொன்சுருள் அல்ல. சூரியகாந்தி விதைகளின் சுழல்களில் இந்த எண் மெய்யாகவே வருகிறது. நெருக்கமாக அடுக்கும் வளர்ச்சி முறை அதற்குப் போதும்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறுகிறதே, பிறகு எதை விளக்குவது?

ஓரளவு மாறுகிறது. 2016-ல் மெக்டெர்மட் குழு பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் சோதித்தபோது, மேற்கத்தியக் காதுக்கு இனிய சுரச்சேர்க்கையையும் உரசும் சேர்க்கையையும் அவர்கள் ஒரே அளவில் இனிதாக மதிப்பிட்டார்கள். பிரபஞ்சப் பொதுவானது என்று நம்பப்பட்ட ஒன்று பழக்கமாகிப் போனது.

அதற்காக எல்லாமே பழக்கம் என்று சொல்லவும் முடியாது. 2003-ல் கட்டிங் என்பவர், மாணவர்களுக்கு அதிகம் அறியப்படாத ஓவியங்களை வகுப்பில் அடிக்கடி காட்டியே அவர்களின் விருப்பத்தை மாற்றினார். பத்தாண்டு கழித்து மெஸ்கின் குழு அதே உத்தியை விமர்சகர்கள் மட்டம் என்று ஒதுக்கிய ஓவியங்களிடம் செய்தது. பார்க்கப் பார்க்க விருப்பம் குறைந்தது. படத்தில் ஏதோ இருக்கிறது, அல்லது இல்லை. பழகினால் அது தெரிந்துவிடுகிறது. மூன்றாவது வாதத்துக்கு, அதாவது அழகு வெளியே மெய்யாக உள்ளது என்பதற்கு, எங்களுக்குத் தெரிந்த நல்ல தூண்டுகோல் இந்தச் சிறிய முடிவுதான்.

அழகு சான்று என்றால் அசிங்கம்?

அதையும் தராசில் வைத்தாக வேண்டும். உயிருள்ள புழுவை உள்ளிருந்து தின்னும்படி முட்டையிடும் குளவிகளை நல்ல இறைவன் திட்டமிட்டிருப்பார் என்று தம்மால் ஏற்க முடியவில்லை என்று டார்வின் 1860 மே மாதத்தில் அதே கிரேக்கு எழுதினார். எடை போடும் முறையை எண்களில் காட்டலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே.

தொடக்கத்தில் கடவுள் உண்டு, இல்லை இரண்டுக்கும் சமவாய்ப்பு என்று வைப்போம். கடவுள் இருந்தால் உலகம் அழகாக இருக்க 0.9 வாய்ப்பு, இல்லாவிட்டால் 0.3 என்றால், உலகின் அழகைக் கண்டபின் கடவுளுக்கான வாய்ப்பு 75 விழுக்காடு ஆகும். நரம்பமைப்பு, உடன்விளைவு, கண்ணின் தகவமைப்பு எல்லாம் சேர்ந்து அந்த 0.3-ஐ 0.6 ஆக்கினால் 60-க்கு இறங்கும். இவ்வளவு கொடூரமும் அருவருப்பும் இருப்பதற்குக் கடவுள் இருந்தால் 0.3, இல்லாவிட்டால் 0.6 என்று அடுத்துச் சேர்த்தால் 43.

இதில் கைதவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, அழகைத் தனியே எடைபோட்டுவிட்டு மற்றதை மறப்பது. மற்றது, “கடவுள் இருந்தால் 0.9” என்ற எண்ணைச் சும்மா எழுதிக்கொள்வது. கடவுள் அழகை விரும்புவார் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஸ்வின்பர்ன் இதற்கு வாதம் தருகிறார்: முழு நன்மையானவர் அழகற்றதைவிட அழகானதைப் படைக்கவே காரணம் உள்ளவர். அது ஏற்கத்தக்கதா என்பதில்தான் விவாதம் நடக்க வேண்டும்.

தோற்றத்தை விளக்கிவிட்டால் அழகு பொய்யென்று ஆகிவிடுமா?

ஆகாது. ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பதால் மட்டும் அது பொய்யாவதில்லை. இங்கே கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு: நம் ரசனையை உருவாக்கிய காரணங்களுக்கும் மெய்யான அழகுக்கும் தொடர்பே இல்லை என்றால், ரசனை சரியாகச் சுட்டுவது தற்செயல் ஆகிவிடும். இது கடிக்கும் வாதம்தான். ஆனால் கடிபடுவது அழகு வெளியே உள்ளது என்பவர் மட்டுமே. அழகு என்பது பொருளுக்கும் நம்மைப் போன்ற மனத்துக்கும் இடையிலான உறவு என்பவருக்குச் சிக்கலில்லை.

கடவுளைச் சேர்த்தாலும் பழைய புதிர் ஒன்று திரும்பி வரும். கடவுள் விரும்புவதால் ஒன்று அழகாகிறதா, அழகாக இருப்பதால் கடவுள் விரும்புகிறாரா? முதலாவது என்றால் அவர் சாக்கடையை விரும்பியிருந்தால் அதுவே அழகு. இரண்டாவது என்றால் அழகு அவருக்கு முன்னமே நிற்கிறது. கடவுளின் இயல்பே அழகு என்பது வழக்கமான மறுமொழி. கண்ணியமான மறுமொழி, ஆனால் “ஏன் அந்த இயல்பு அழகு?” என்று மறுபடியும் கேட்கலாம்.

கடவுளைத் தொடாமல் அழகுணர்வை ஆராய்ந்த பழைய மரபு உண்டா?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலே உண்டு. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான மருட்கை, அதாவது வியப்பு, நான்கு நிலைக்களன்களில் பிறப்பதாக அது சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். எதைக் கண்டால் எந்த உணர்வு எழுகிறது என்ற வகைப்பாடு மட்டும். அதைத் தந்தது யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. காஷ்மீரத்தில் ஆயிரத்தாண்டுக்கு முன் வாழ்ந்த மெய்யியலாளர் அபிநவகுப்தர், கலை தரும் ரச அனுபவத்தைப் பரம்பொருளின் சுவைக்கு இணையாகப் பேசினார், ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதிலும் தெளிவாக இருந்தார். படைப்புக் கடவுளை ஏற்காத பௌத்தம் பெரும் சிற்ப ஓவிய மரபை வளர்த்தது. கடவுளை விட்டால் அழகுணர்வு வறண்டுவிடும் என்பதை வரலாறு தாங்காது.

எந்தக் கண்டுபிடிப்பு உங்கள் முடிவை மாற்றும்?

கடவுள் பக்கம் நகர்த்தக்கூடியது: எல்லா மனிதரிடமும் இருக்கும், யாரும் கற்றுத்தராத, எந்த விலங்கின் புலன்சாய்விலும் வேர் காணாத ஒரு விருப்பம், மூதாதையர் ஒருபோதும் தொடமுடியாத இயற்கை உண்மையைத் தொடர்ந்து சரியாகச் சுட்டுவது. எதிர்ப்பக்கம் நகர்த்தக்கூடியது: கணித அழகும், மாதிரிகளை அடையாளம் காணும் சாதாரணத் திறனில் பயிற்சி ஏற ஏற வரும் விளைவே என்று சோதனையில் நிறுவப்படுவது.

முதலாவதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரு துறையில் முன்வைக்கப்பட்ட கோட்பாடுகளை, அவற்றின் முடிவு தெரிவதற்கு முன்பே வல்லுநர்களிடம் அழகுக்கு மதிப்பெண் வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும். பல ஆண்டு கழித்து எவை நின்றன என்று ஒப்பிட வேண்டும். முடிவு தெரிந்தபின் மதிப்பெண் வாங்கினால் பயனில்லை, ஏனென்றால் வென்ற சமன்பாடு பழகிப் பழகியே அழகாகிவிடும். டிராக்கை மேற்கோள் காட்டும்போது நாம் செய்வது இந்தப் பின்னோக்கிய கணக்குதான்.